பந்தயமும் தீவின் வாணிபமும்

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே ஐரிஷ் கடலில் மேன் தீவு என்றொரு சிறு தீவு இருக்கிறது. (பெயரில் உள்ள 'மேன்' மனிதனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அன்று, அதைவிடப் பழமையான கெல்டிக் பெயர்.) நீளம் சுமார் 52 கிலோமீட்டர். மிக அகன்ற இடத்திலும் அகலம் 22 கிலோமீட்டர்தான். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் சுமார் 84,000 பேர். ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் தொடங்கி ஜூன் முதல் வாரம் கடக்கும்வரை இத்தீவில் 'டூரிஸ்ட் டிராபி' என்னும் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடைபெறுகிறது. சுருக்கமாக டி.டி. என்பார்கள். 2019ஆம் ஆண்டில் இதைக் காண வந்தவர்கள் சுமார் 46,000 பேர். உள்ளூர்க்காரர் இருவருக்கு ஒரு விருந்தாளிக்கும் மேலே என்று கணக்காகிறது.

இப்படி ஒரு கூட்டம் இரண்டு வாரத்துக்கு வந்து போனால் அங்குள்ள கடைக்காரருக்கும், விடுதி நடத்துபவருக்கும், தச்சருக்கும், பால்காரருக்கும் என்ன ஆகும்? "நல்ல வியாபாரம் ஆகும்" என்பதுதான் உடனே தோன்றும் விடை. அது பாதி விடைதான். மற்றப் பாதியை அறியப் பொருளாதாரம் மட்டும் போதாது. கொஞ்சம் வடிவ கணிதமும் கொஞ்சம் வானிலை இயலும், பள்ளியில் படித்த பெருக்குத் தொடரும் வேண்டியிருக்கின்றன.

சட்டம் கொண்டுவந்த பந்தயம்

முதலில், இவ்வளவு பெரிய பந்தயம் இவ்வளவு சிறிய தீவுக்கு ஏன் வந்தது என்று பார்ப்போம். 1903ஆம் ஆண்டில் பிரிட்டனில் மோட்டார் வண்டிகளின் வேகத்துக்கு மணிக்கு 20 மைல் என்று வரம்பு விதிக்கப்பட்டது. பொதுச் சாலையை மூடிப் பந்தயம் நடத்தவும் அங்கே சட்டத்தில் இடமில்லை. மேன் தீவோ பிரிட்டிஷ் முடியரசைச் சார்ந்ததே ஒழிய ஐக்கிய நாட்டின் பகுதி அன்று. டின்வால்ட் என்னும் அதன் சொந்தப் பாராளுமன்றம் தனக்கு வேண்டிய சட்டங்களைத் தானே இயற்றிக்கொள்ளும். 1904ஆம் ஆண்டில் சாலைகளை மூடிப் பந்தயம் நடத்த அது அனுமதி தந்தது. அதே ஆண்டில் கார்ப் பந்தயம் வந்தது. 1907ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் மோட்டார் சைக்கிள் பந்தயம் தொடங்கியது. அன்று வென்ற சார்லி கோலியரின் சராசரி வேகம் மணிக்கு 38 மைல், அதாவது சுமார் 61 கிலோமீட்டர். இன்றைய மிக விரைந்த சுற்று பீட்டர் ஹிக்மன் 2023ஆம் ஆண்டில் ஓட்டியது. அதன் சராசரி வேகம் மணிக்கு 136.358 மைல், ஏறத்தாழ 219 கிலோமீட்டர். ஓட்டியது தனியாக அமைத்த பந்தயத் தளத்தில் அன்று. கல் சுவர்களுக்கும் வீட்டு வாசல்களுக்கும் தந்திக் கம்பங்களுக்கும் நடுவே செல்லும் சாதாரண ஊர்ச் சாலையில்!

நிலக்கரியோ இரும்போ விற்றுப் பிழைக்கும் நாடுகள் உண்டு. இத்தீவு தன் சட்டம் அண்டை நாட்டின் சட்டத்திலிருந்து வேறுபடுவதையே ஒரு மூலப்பொருளாக்கிக் கொண்டது. இன்று அங்கே பெரும் வருவாய் தருவது நிதித் தொழிலும் இணையவழிச் சூதாட்டத் தொழிலும். அவையும் இதே வழியில் வந்தவையே. உல்லாசப் பயணத்தின் கதை வேறு. முதல் உலகப் போருக்கு முன், 1913ஆம் ஆண்டில், கோடையில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கு வந்தனர். வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்கள் கப்பலேறி வந்து தலைநகரான டக்ளஸின் கடற்கரை விடுதிகளில் தங்கினார்கள். விமானத்தில் மலிவாக ஸ்பெயினுக்குப் போக முடிந்ததும் அக்கூட்டம் திசை மாறிவிட்டது. வெயில் நிச்சயமாகக் கிடைக்கும் இடத்தை விட்டு மழைத் தீவுக்கு யார் வருவார்கள்? எஞ்சி நின்ற பெருங்கூட்டம் பந்தயக் கூட்டந்தான். ஆகவே அங்குள்ள விடுதிக்காரர்கள் இந்த இரண்டு வாரத்தை மிகப் பரிவோடு பார்ப்பதில் வியப்பில்லை.

குழாயின் விட்டம்

ஒரு பெரிய தொட்டியில் எவ்வளவு நீர் இருந்தாலும் வெளியேறும் அளவைத் தீர்மானிப்பது குழாயின் மிகக் குறுகிய பகுதிதான். மேன் தீவுக்குப் பாலம் கிடையாது. விமானத்தில் மனிதர் வரலாம். மோட்டார் சைக்கிள் வர முடியாது. பந்தயம் காண வருபவர்களோ பெரும்பாலும் தங்கள் சொந்த வண்டியோடு வர விரும்புபவர்கள். அவர்களுக்கு உள்ள வழி கப்பல் ஒன்றே. 1830ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஸ்டீம் பாக்கெட் கம்பெனி லிவர்ப்பூல், ஹேஷம் போன்ற துறைமுகங்களிலிருந்து கப்பல் விடுகிறது. 2018ஆம் ஆண்டு முதல் அது தீவு அரசுக்கே சொந்தம்.

ஒரு கப்பல் 800 பேரை ஏற்றும், நாளைக்கு மூன்று நடை வரும் எனக் கொள்வோம். பத்து நாளில் 24,000 பேர். விடுதிகளில் அறை இருந்தாலும், கடைகளில் சரக்கு நிறைந்திருந்தாலும், கப்பல் கொண்டுவரும் எண்ணிக்கையைத் தாண்டி விற்பனை ஏறாது. பந்தயக் காலத்துக் கப்பல் இடங்களுக்கு ஓராண்டுக்கு முன்பே முண்டியடித்துப் பதிவு செய்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. தீவின் அரிசி, மாவு, மருந்து, செங்கல் எல்லாம் வருவதும் கப்பலில்தான். காற்று பலமாக அடித்து ஒரு நடை நின்றால் பல்பொருள் அங்காடியின் அலமாரிகளில் இடைவெளி தெரியத் தொடங்கும். சாதாரண மாதத்தில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஊரில் ஆள் பெருகியிருக்கும் போது பொறுக்க முடியாது. எனவே வியாபாரிகள் முன்கூட்டியே சரக்கைக் கொண்டுவந்து அடுக்கி வைக்கிறார்கள். அதற்குக் கிடங்கும் வேண்டும், முதலும் வேண்டும்.

நான்கு சதவீதம்

மின்சார வாரியத்துக்காரர்கள் 'சுமை விகிதம்' என்று ஒன்று சொல்வார்கள். ஒரு நிலையம் ஆண்டு முழுவதும் முழுத் திறனில் ஓடினால் கிடைக்கக்கூடிய மின்சாரத்தில், உண்மையில் எத்தனை பங்கு பயன்படுகிறது என்பதே அது. மாலை நேரத் தேவைக்காக மட்டும் நிலையம் கட்டினால் மற்ற நேரமெல்லாம் அது சும்மா நிற்கும். செலவு கட்டுபடி ஆகாது.

பந்தயக் கூட்டத்துக்காக மட்டுமே கட்டப்படும் விடுதி அறையின் சுமை விகிதம் என்ன? 365இல் 14. நான்கு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு! அறை ஒன்றைக் கட்ட 50,000 பவுண்டு ஆவதாகவும், பந்தய நாட்களில் இரவொன்றுக்கு 150 பவுண்டு வாடகை கிடைப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஆண்டு வரவு 2,100 பவுண்டு. துப்புரவு, பழுது, வட்டி எதையும் கழிக்காமலே போட்ட முதல் திரும்ப ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆகும். 300 பவுண்டு விலையுள்ள கூடாரத்தை இரவுக்கு 30 பவுண்டுக்கு விட்டால் முதல் ஆண்டிலேயே 420 பவுண்டு வந்துவிடுகிறது. (இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்.)

தீவு மக்கள் இக்கணக்கை ஏட்டில் போட்டார்களோ இல்லையோ, அனுபவத்தில் போட்டுவிட்டார்கள். புதிய ஓட்டல்கள் வரிசையாக எழவில்லை. அதற்குப் பதில் விளையாட்டுக் கழகங்களின் மைதானங்கள் கூடார முகாம்களாகின்றன. அந்த இரண்டு வார வாடகை கழகத்தின் ஆண்டுச் செலவுக்குப் பெருந்துணை. இல்லத்தார் பலர் அரசிடம் பதிவு செய்துகொண்டு தங்கள் வீட்டில் ஓர் அறையை விருந்தாளிகளுக்கு விடுகின்றனர். தேவாலயங்களில் பெண்கள் கேக்கும் தேநீரும் விற்று, கூரை பழுது பார்க்கும் நிதிக்குப் பணம் சேர்க்கிறார்கள். முன்பே இருக்கும் இடத்தையும் பண்டத்தையும் சிறிது காலம் வேறு வேலைக்குத் திருப்பிக்கொள்ளும் முறை இது. பந்தயத்தின் வரவில் ஒரு பகுதி பெருமுதலாளிகளிடம் போகாமல் சாதாரணக் குடும்பங்களிடம் போய்ச் சேர்வதற்கு இதுவே காரணம் என்று எனக்குப் படுகிறது.

உள்ளே யார், வெளியே யார்?

இனி வடிவ கணிதத்துக்கு வருவோம். 1911ஆம் ஆண்டிலிருந்து பயன்படும் மலைப் பாதையின் நீளம் 37.73 மைல், அதாவது 60.7 கிலோமீட்டர். டக்ளஸில் புறப்பட்டு மேற்கே சென்று, வடக்கே திரும்பி, கிர்க் மைக்கேல், பல்லாஃப், சல்பி ஊர்களைத் தொட்டு, ராம்சி நகரை அடைந்து, பிறகு ஸ்னேஃபெல் மலைச்சரிவில் ஏறி மீண்டும் டக்ளஸுக்கே இறங்குகிறது. ஒரு மூடிய வளைகோடு.

ஒரு தாளில் தன்னைத்தானே வெட்டாத மூடிய வளைகோடு ஒன்றை வரைந்தால் தாள் இரண்டு பகுதிகளாகும்: உள்ளே, வெளியே. உள்ளிருக்கும் ஒரு புள்ளியிலிருந்து வெளியே செல்லும் எந்தக் கோடும் வளைகோட்டை ஓர் இடத்திலாவது வெட்டியே ஆக வேண்டும். பார்த்தவுடனே விளங்கும் இதைக் கணித முறையில் நிறுவ முயன்றவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் கமில் ஜோர்டான். 1887ஆம் ஆண்டில் வெளியிட்டார். இந்தத் தேற்றத்தை அனுபவத்தில் உணர வேண்டுமானால் பந்தயத்தின்போது மேன் தீவில் ஒரு ரொட்டிக் கடை நடத்த வேண்டும்! துறைமுகமும் விமான நிலையமும் வளையத்துக்கு வெளியே. தீவின் முதன்மை மருத்துவமனையான நோபிள்ஸ் வளையத்துக்கு உள்ளே. சாலை மூடிவிட்டால் ரொட்டி வண்டி இந்தப் பக்கம் என்றால் இந்தப் பக்கந்தான். வேலையாள் அந்தப் பக்கம் வசிப்பவராயின் அன்று கடைக்கு அவர் வர மாட்டார், அல்லது வந்தவர் வீடு திரும்ப மாட்டார்.

தேற்றத்திலிருந்து தப்ப ஒரே வழி தாளை விட்டு மேலேயோ கீழேயோ போவது. ஆங்காங்கே நடைபாலங்கள் அமைத்திருக்கிறார்கள். டக்ளஸ் அருகே பழைய ரயில் பாதை இருந்த வழியில் ஓர் இணைப்புச் சாலையும் உண்டு. 1895ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஸ்னேஃபெல் மலை ரயிலின் நிலை இன்னும் வேடிக்கை. வெளியே கிளம்பி உள்ளே இருக்கும் 621 மீட்டர் உயரச் சிகரத்துக்குப் போகும் ரயில் அது. நடுவில் பந்தயச் சாலையைக் கடக்க வேண்டும். பந்தயத்தின்போது பயணிகள் சாலையருகே இறங்கி, நடைபாலத்தில் ஏறிக் கடந்து, அப்பக்கம் காத்திருக்கும் வேறொரு வண்டியில் மேலே போகிறார்கள்.

இந்த வளையம் வியாபாரத்தைப் பெருக்கவும் செய்கிறது, குறைக்கவும் செய்கிறது. சாலையோரத்தில் உள்ள உணவு விடுதிக்குக் காலையில் வந்து அமர்ந்த கூட்டம் சாலை திறக்கும்வரை எங்கும் நகர முடியாது. க்ரெக்-னி-பா என்னும் வளைவில் உள்ள விடுதி இதற்குப் பேர் பெற்றது. வாடிக்கையாளர் கதவைத் தாண்டிப் போக வழியில்லாத உணவுக் கடை உலகில் வேறெங்கு உண்டு? ஆனால் இரண்டு தெரு தள்ளி இருக்கும் முடி திருத்துபவருக்கோ மரச்சாமான் விற்பவருக்கோ அன்று வெறும் பொழுதுதான். அவருடைய வழக்கமான வாடிக்கையாளர் வளையத்தின் மறுபக்கம் இருக்கிறார். அல்லது கூட்டமும் இரைச்சலும் வேண்டாமென்று வெளியூர் போய்விட்டார். மோட்டார் சைக்கிளில் வந்தவர் நாற்காலி வாங்கிக்கொண்டா போவார்? தீவின் மொத்த வரவைக் கூட்டிச் சொல்லும் அறிக்கைகளில் இந்தக் குறைவு அவ்வளவாகத் தெரிவதில்லை. வந்த பணத்தை எண்ணுவது எளிது, வராமல் போன பணத்தை எண்ணுவது கடினம்.

பந்தயத்துக்கு முந்தைய பயிற்சி ஓட்டங்களைப் பெரும்பாலும் மாலையில் நடத்துவதால் பகல் வியாபாரம் ஓரளவு தப்புகிறது. இதற்கு உதவுவது தீவின் அட்சரேகை. வடக்கே 54 டிகிரியில் இருப்பதால் ஜூன் மாதத்தில் பகல் சுமார் 17 மணி நேரம் நீள்கிறது. இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அலுவலகம் முடிந்த பிறகு சாலையை மூடினாலும் ஓட்டத்துக்கு நேரம் கிடைக்கிறது.

எகிறும் பந்து

வந்தவர் செலவிட்ட பணம் தீவிலேயே தங்குகிறதா என்பது அடுத்த கேள்வி. ஒரு பந்தை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுகிறோம். அது பாதி உயரம் எகிறுகிறது, மறுமுறை அதில் பாதி, இப்படியே. ரப்பர்ப் பந்துக்குப் பதில் மண் உருண்டையைப் போட்டால் ஒரே தடவையில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். பணமும் அப்படித்தான். விருந்தாளி ஒருவர் கடையில் 100 பவுண்டு தருகிறார். கடைக்காரர் அதில் 30 பவுண்டை உள்ளூர் வேலையாளுக்கும் உள்ளூர் உற்பத்தியாளருக்கும் கொடுத்து, மீதி 70ஐ இங்கிலாந்திலிருந்து வந்த சரக்குக்கு அனுப்புகிறார் என்போம். 30 பெற்றவர் அதில் 9ஐ உள்ளூரில் செலவிடுகிறார், அடுத்தவர் 2.70. இத்தொடரைக் கூட்டினால் 100ஐ 0.7 ஆல் வகுத்த ஈவு, அதாவது சுமார் 143 பவுண்டு வருகிறது. உள்ளூரில் நிற்கும் பங்கு பாதியாக இருந்தால் கூட்டுத்தொகை 200 பவுண்டு. பங்கு 30இலிருந்து 50 ஆனதற்கு விளைவு 143இலிருந்து 200க்குத் தாவுகிறது. பொருளாதார நூலார் இதைப் 'பெருக்கி' என்பர்.

பெரிய நாட்டில் ஒரு ஊரிலிருந்து கசிந்த பணம் அடுத்த ஊருக்குப் போய் நாட்டுக்குள்ளேயே சுற்றும். தீவில் கசிவு என்றால் கடல் தாண்டிவிட்டது என்று பொருள். ஆகவே விருந்தாளியின் தட்டில் என்ன இருக்கிறது என்பது முக்கியமாகிறது. தீவின் கடலில் பிடித்த 'குவீனி' என்னும் சிறு சிப்பியின் சதையும், தீவின் பசுக்கள் தந்த பாலில் செய்த ஐஸ்கிரீமும் விற்றால் பணம் பந்தாக எகிறும். தொழிற்சாலையில் பொட்டலம் கட்டி வந்த தின்பண்டம் விற்றால் மண் உருண்டைதான். வெளியூரிலிருந்து வண்டியோடு வந்து கடை போட்டு, இரண்டு வாரத்தில் மூட்டை கட்டிப் போகும் வியாபாரிகளைப் பற்றி உள்ளூர்க் கடைக்காரர் முணுமுணுத்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் வாடகையும் வரியும் கட்டிக் குளிர்காலத்தில் வெறும் கடையைத் திறந்து வைத்திருப்பவர் அவரல்லவா?

மனன்னானின் போர்வை

மனன்னான் என்னும் கடல் தெய்வம் பகைவர் கண்ணில் படாமலிருக்கத் தன் மூடுபனிப் போர்வையால் தீவை மறைப்பதாக அங்கே ஒரு பழங்கதை உண்டு. இயற்பியல் இதை வேறு விதமாகச் சொல்கிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறுகிறது. மேலே அழுத்தம் குறைவு, காற்று விரிகிறது, விரியும்போது 100 மீட்டருக்குச் சுமார் ஒரு டிகிரி செல்சியஸ் வீதம் குளிர்கிறது. அதன் பனிநிலையும் குறைகிறது, ஆனால் 100 மீட்டருக்கு 0.2 டிகிரிதான். எனவே இரண்டுக்கும் உள்ள இடைவெளி 100 மீட்டருக்கு 0.8 டிகிரி வீதம் சுருங்கி, ஒவ்வொரு டிகிரிக்கும் 125 மீட்டர் ஏறியதும் முடிந்துவிடுகிறது. டக்ளஸ் கடற்கரையில் வெப்பநிலை 14 டிகிரி, பனிநிலை 11 டிகிரி என்றால் 375 மீட்டர் உயரத்தில் மேகம் தொடங்கும். பந்தயப் பாதையின் உச்சியோ ஏறத்தாழ 422 மீட்டர்! கீழே நல்ல வெயில் அடிக்க, மேலே சாலை மேகத்துக்குள் மறைந்திருப்பதன் காரணம் இதுதான்.

மேகம் இருந்தால் மீட்பு ஹெலிகாப்டர் பறக்க முடியாது. ஹெலிகாப்டர் இல்லாமல் பந்தயம் விடுவதில்லை. ஒரு மணி நேரம் தள்ளிவைப்பார்கள், பிறகு இரண்டு மணி நேரம், பிறகு மறுநாளைக்கு. பாதையோர விடுதிக்குத் தாமதம் லாபம். காத்திருப்பவர் மறுபடியும் தேநீர் கேட்பார். மறுநாளும் சாலை மூடும் என்ற அறிவிப்பு வந்தால், ஏற்கெனவே ஒரு நாளை இழந்த மற்றக் கடைக்காரருக்கு இரண்டாவது நாளும் போயிற்று. கப்பல் சீட்டு முன்பே முடிவானது என்பதால் பார்க்க வந்த பந்தயத்தைப் பாராமலே திரும்புவோரும் உண்டு.

தீவு இந்தப் பந்தயம் இல்லாமலும் இருந்து பார்த்திருக்கிறது. 2001ஆம் ஆண்டில் பிரிட்டனில் கால்நடைகளிடையே கோமாரி நோய் பரவியபோது பந்தயம் கைவிடப்பட்டது. தீவின் பண்ணைகளைக் காக்க வேண்டியிருந்தது. 2020, 2021 ஆண்டுகளில் கொரோனாவால் நின்றது. நிதி நிறுவனங்களை நம்பிய குடும்பங்களுக்கு அது ஒரு காட்சி குறைந்தது போலத்தான். ஆண்டு வரவின் பெரும் பங்கை ஜூன் மாதத்தில் ஈட்டிக் குளிர்காலத்தைக் கடக்கும் சிறு விடுதிக்காரருக்கு அப்படியல்ல. ஒரே அளவு இழப்பு, தேசக் கணக்கில் சிறு புள்ளியாகவும் தனி வீட்டுக் கணக்கில் பெரும் பள்ளமாகவும் தெரியும்.

எந்தக் கணக்கிலும் எழுதப்படாத செலவு ஒன்றுண்டு. 1911 முதல் இப்பாதையில் பந்தயங்களிலும் பயிற்சிகளிலும் உயிரிழந்த ஓட்டிகள் 250 பேருக்கும் அதிகம். 1972ஆம் ஆண்டில் கில்பர்ட்டோ பார்லோட்டி இறந்தபின், அவருடைய நண்பரும் பெரும் வீரருமான ஜியாகோமோ அகஸ்தீனி இனி இங்கு ஓட்டுவதில்லை என்று விலகினார். மற்ற முன்னணி வீரர்களும் விலகவே, 1976ஆம் ஆண்டோடு உலகச் சாம்பியன் போட்டிகளின் வரிசையில் டி.டி.க்கு இருந்த இடம் போயிற்று; மறு ஆண்டு அந்தப் போட்டி சில்வர்ஸ்டோனுக்கு மாறியது. அப்போது வியாபாரம் அற்றுப்போகும் என்று பலர் அஞ்சினர். கூட்டம் வருவது நிற்கவில்லை. அபாயமே சிலரை இழுக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனக்கு அது உவப்பான செய்தி அன்று.

அண்மையில் செய்த ஒரு மாற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். 2023ஆம் ஆண்டு முதல் பந்தயங்களின் எண்ணிக்கையை எட்டிலிருந்து பத்தாக்கி, இரண்டு வார இறுதிகளிலும் பந்தயம் இருக்குமாறு பரப்பினார்கள். முதல் வார இறுதிக்கு ஒரு கூட்டம் வந்து போகலாம். இரண்டாவதுக்கு வேறொரு கூட்டம் வரலாம். அதே கப்பல், அதே படுக்கை, இரண்டு தொகுதி மக்கள். குழாயின் விட்டத்தைப் பெரிதாக்காமல் நீர் பாயும் நேரத்தை நீட்டும் முறை. கடைக்காரருக்கும் முதல் வாரம் சும்மா போகாது. ஆனால் கடைசிப் பெரும் பந்தயமான 'சீனியர்' இரண்டாம் சனிக்கிழமைக்கு வந்ததால், அன்று வானிலை கெட்டால் தள்ளிவைக்க இடம் குறைவு. காற்று தரும் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. வீச்சு இரண்டு மடங்கானால் ஓட்டியைப் பக்கவாட்டில் தள்ளும் விசை நான்கு மடங்கு. 2012ஆம் ஆண்டில் ஈரத்தால் நின்ற சீனியர் பந்தயம், 2025ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் பலத்த காற்றால் மறுபடியும் நின்றது. பாதையோரக் கடைகளில் அன்றைய கூட்டத்துக்கென வாங்கி வைத்த ரொட்டியும் இறைச்சியும் இருந்தன. வந்தவர்கள் அடுத்த கப்பலுக்குப் புறப்பட வேண்டியிருந்தது.